ஈர்ப்பு விசை செய்யும் வேலை: எப்போது பிளஸ், எப்போது மைனஸ்?

அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை இயற்பியல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் விரித்து வைத்தாள். "மாமா, இந்தக் கணக்கு ஏனுங்க தப்பு? விடை சரியாத்தான் வருது, மிஸ் சுழிச்சு விட்டுட்டாங்க."

கணக்கு இதுதான். 8 மீட்டர் ஆழமுள்ள கிணற்றிலிருந்து 10 கிலோ நிறையுள்ள தண்ணீர் வாளியைச் சீரான வேகத்தில் மேலே இழுக்கிறார்கள், ஈர்ப்பு விசையால் செய்யப்பட்ட வேலை எவ்வளவு? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி 10 × 9.8 × 8, அதாவது 784 ஜூல் என்று எழுதியிருந்தாள். வர வேண்டியது −784 ஜூல். எண் சரி, முன்னால் ஒரு சின்னக் கோடு இல்லை. கோடு இல்லாததைக்கூட விட்டுவிடலாம், அடுத்த கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்குச் சங்கதி புரிந்தது. அதே வாளியை மெதுவாகக் கீழே இறக்குகிறார்கள், அங்கே −784 என்று எழுதியிருக்கிறாள். இங்கே மைனஸ் எதற்கு என்று கேட்டேன்.

"கீழே போகுதில்லீங்களா மாமா. ஜி-க்கு மைனஸ் 9.8 தானே."

இதைக் கவனக்குறைவு என்று சொல்லவே மாட்டேன். முந்தைய பாடத்தில், இயக்கவியலில், மேலே பிளஸ், கீழே மைனஸ், முடுக்கம் −9.8 என்று நூறு கணக்காவது போட்டிருப்பாள். படித்ததை ஒழுங்காக மனதில் வைத்திருக்கிற பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்யும். அந்தப் பாடத்தின் குறியையும் இந்தப் பாடத்தின் குறியையும் ஒரே பொருளில் எடுத்துக்கொண்டாள். அங்கே மைனஸ் என்பது ஒரு திசை. இங்கே வேலைக்குத் திசையே கிடையாது. வேலை ஒரு ஸ்கேலர் அளவு, மேலே, கீழே, கிழக்கே, மேற்கே என்று அதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் பிளஸ், மைனஸ் உண்டு. திசை இல்லாத ஒன்றுக்குக் குறி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

இரண்டு அம்புக்குறி வரையச் சொன்னேன். ஒன்று விசை, ஒன்று இடப்பெயர்ச்சி. இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் வேலை பிளஸ். எதிரெதிரே பார்த்தால் மைனஸ். ஒன்றுக்கொன்று செங்குத்தாக நின்றால் பூஜ்ஜியம். வேலை என்பது விசை, இடப்பெயர்ச்சி, காஸ் தீட்டா மூன்றின் பெருக்கல், தீட்டா என்பது இரண்டு அம்புக்கும் நடுவில் உள்ள கோணம். அந்தக் காஸ் தீட்டா இந்த ஒற்றுமையை அளந்து சொல்லும் எண்தான், 0 டிகிரிக்கு 1, 90 டிகிரிக்கு 0, 180 டிகிரிக்கு −1. வாளி ஏறும்போது ஈர்ப்பு கீழே இழுக்கிறது, வாளி மேலே போகிறது, இரண்டும் எதிரெதிர், ஆகவே மைனஸ். இறங்கும்போது இரண்டும் கீழே, ஆகவே பிளஸ்.

"அப்ப என்னோட மைனஸ் 9.8 என்னாச்சு?" என்றாள். நல்ல கேள்வி, அதற்கு வாயால் பதில் சொல்வதைவிட அவளையே போட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது என்று தோன்றியது. மேல்பக்கத்தைப் பிளஸ் என்று வைத்துக்கொள். வாளி ஏறும்போது விசை −98 நியூட்டன், இடப்பெயர்ச்சி +8 மீட்டர், பெருக்கினால் −784. இப்போது கீழ்ப்பக்கத்தைப் பிளஸ் என்று மாற்றிக்கொள். விசை +98, இடப்பெயர்ச்சி −8, பெருக்கினால் மறுபடியும் −784. இறங்கும்போது? மேல்பக்கம் பிளஸ் என்றால் −98-ஐ −8-ஆல் பெருக்க வேண்டும், +784. கீழ்ப்பக்கம் பிளஸ் என்றால் 98-ஐ 8-ஆல் பெருக்க வேண்டும், அதுவும் +784. நான்கையும் அவளே போட்டாள், நான்காவதை முடித்ததும் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கத்தை நீ பிளஸ் என்று அழைத்தாலும் இரண்டு அம்புகளின் குறியும் சேர்ந்தே மாறும், அதனால் பெருக்கல் மாறாது. இறங்கும் கணக்கில் அவள் செய்த பிழை, விசைக்கு மட்டும் மைனஸ் போட்டுவிட்டு எட்டு மீட்டரை வெறும் எட்டாகவே விட்டது.

அவள் பெருக்கிய அந்த நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் சுருக்கிச் சொல்லும் எம்ஜிஹெச் என்ற சூத்திரத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதில் இருக்கும் ஹெச் எத்தனை மீட்டர் என்பதை மட்டும் சொல்லும், ஏறினோமா இறங்கினோமா என்பதை எங்கோ தொலைத்துவிட்டு வந்து நிற்கும். குறியோடு எழுத வேண்டுமானால், கடைசி உயரத்திலிருந்து முதல் உயரத்தைக் கழித்து, அதை எம்ஜியால் பெருக்கி, முன்னால் ஒரு மைனஸ் போட வேண்டும். இதை ஒருமுறை முழுதாக எழுதிப் பழகிவிட்டால் அப்புறம் சுருக்கமாக எழுதினாலும் தப்பு வராது.

சரி, இது ஒரு பாதி. இன்னொரு பாதி கேள்வித்தாளின் தமிழில் இருக்கிறது.

"ஈர்ப்பு விசையால் செய்யப்பட்ட வேலை" என்று ஒரு கேள்வி வரும். "ஈர்ப்பு விசைக்கு எதிராகச் செய்யப்பட்ட வேலை" என்று இன்னொன்று வரும். அதே வாளி, அதே கிணறு, அதே எட்டு மீட்டர். முதலாவதற்கு −784, இரண்டாவதற்கு +784. வேகமாகப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஏனென்றால் கண் "ஈர்ப்பு விசை", "வேலை" என்ற இரண்டு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நடுவில் இருப்பதைத் தாண்டிவிடுகிறது. நடுவில் இருப்பது வேற்றுமை உருபு. ஆல் என்றால் மூன்றாம் வேற்றுமை, வேலையைச் செய்தது யார் என்று அது சொல்கிறது. கு என்று வந்து பின்னால் எதிராக என்று சேர்ந்தால் செய்தது வேறு யாரோ, இங்கே கயிற்றை இழுத்தவர். தமிழ்ப் பாடத்தில் எட்டு வேற்றுமையையும் ஒப்பிக்கிற பிள்ளைகள்தான் இவர்கள், அந்த இலக்கணம் இயற்பியல் தேர்வில் ஒரு மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கும் அன்றைக்கு உதவியிருக்கும்.

நான் படித்தபோது எங்களுக்குச் சொல்லித் தந்தது, "மேலே போனா மைனஸ், கீழே வந்தா பிளஸ், எழுதிக்கோ" என்பது மட்டும். எழுதிக்கொண்டேன். தேர்வில் "வாளியை மேலே இழுக்கும்போது கயிற்றின் இழுவிசையால் செய்யப்பட்ட வேலை" என்று கேட்டார்கள். மேலே போகிறது, ஆகவே மைனஸ் என்று எழுதினேன். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது, மதிப்பெண்ணுக்காக இல்லை. அந்த மனப்பாட வரியில் யார் செய்த வேலை என்ற சொல்லே கிடையாது, அது இல்லாமல் அந்த வரிக்குப் பொருளே இல்லை, அதை எனக்குச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

யாரால் என்று கேட்டுப் பழகியதும் இன்னொரு கதவு திறக்கும். வாளி சீரான வேகத்தில் ஏறுகிறது, இழுத்தவர் செய்த வேலை +784, ஈர்ப்பு செய்த வேலை −784, கூட்டினால் பூஜ்ஜியம். மொத்த வேலை பூஜ்ஜியம் என்றதும் அவள் முகம் மாறியது. "இழுத்து கை வலிக்குது, பூஜ்ஜியமாங்க?" ஆமாம், வாளியின் இயக்க ஆற்றல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதைத்தான் அந்தப் பூஜ்ஜியம் சொல்கிறது. இழுத்தவர் கொடுத்த 784 ஜூலை ஈர்ப்பு அப்படியே வாங்கிக்கொண்டது. வாங்கி எங்கே வைத்தது? உயரத்தில். அதற்குத்தான் நிலை ஆற்றல் என்று பெயர். ஈர்ப்பு செய்த வேலையும் நிலை ஆற்றல் மாற்றமும் ஒன்றுக்கொன்று எதிர்க்குறியில் வரும் என்று புத்தகம் சொல்வதும் இதே கணக்குதான், ஒரு பக்கம் வாங்கியது இன்னொரு பக்கம் வரவு.

இறக்கும்போது கதை திரும்புகிறது. ஈர்ப்பு +784 கொடுக்கிறது, கயிற்றைப் பிடித்து மெல்ல விடுகிற கை −784 செய்கிறது. கை மைனஸ் வேலை செய்கிறது என்றால் சிலருக்கு ஏற்கவே மனம் வராது, பிடித்திருக்கிற கைக்குத்தானே வலி தெரியும். ஆனால் விசை மேலே, அசைவு கீழே, வேறு எப்படிச் சொல்வது. கயிறு உள்ளங்கையில் வழுக்கி ஓடினால் தோல் எரிகிறதே, அந்தச் சூடு ஈர்ப்பு கொடுத்த ஆற்றலில் இருந்து வந்ததுதான்.

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். ஏழு மலையும் ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும், ஆனால் காலை உண்மையில் பதம் பார்ப்பது இறக்கம். கையில் மூங்கில் தடி இல்லாவிட்டால் முழங்கால் கிடுகிடு என்று ஆடும், மறுநாள் கட்டிலில் இருந்து எழும்போது தொடை பிடித்துக்கொள்ளும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஈர்ப்பு அவர்மேல் 58,800 ஜூல் பிளஸ் வேலை செய்கிறது. அவர் அதை அப்படியே வேகமாக விட்டுவிட முடியாது, உருண்டு விழவேண்டியதுதான். ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து, அந்த 58,800-ஐ மைனஸ் வேலையாகத் தீர்க்கிறது. நீளும்போதே சுமை தாங்குகிற தசைக்குத்தான் மறுநாள் வலி அதிகம். தடி ஊன்றுகிறவர்கள் அந்த மைனஸ் வேலையில் ஒரு பங்கைக் கைக்கும் தோளுக்கும் மாற்றிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, ஞாபகம் வந்தது. அவர் மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலை ஓட்டியவர், எங்கள் பக்கம் கவலை என்றும் சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முன்பே தோட்டத்துக்கு மின்மோட்டார் வந்துவிட்டது, கிணற்று மேட்டில் நின்ற கல்தூண்களையும் அதையொட்டி இருந்த சரிவையும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் அவர் சொல்லிக் கேட்டது. கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வர வேண்டும், வடத்தை இரண்டு மாடுகள் இழுக்கும், ஆனால் அவை சமதரையில் நடக்காது, சரிவில் இறங்கிக்கொண்டே இழுக்கும். அதற்கும் மேலே, ஓட்டுகிறவர் பாதி வழியில் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

இந்த ஏற்பாட்டை ஈர்ப்பு விசையின் கணக்காகப் பார்த்தால் எவ்வளவு அழகு! சால் ஏறுகிறது, அதன்மேல் ஈர்ப்பு செய்வது மைனஸ். மாடுகள் இறங்குகின்றன, அவற்றின்மேல் பிளஸ். வடத்தில் உட்கார்ந்த மனிதர் இறங்குகிறார், அவர்மேலும் பிளஸ். தண்ணீரிடம் ஈர்ப்பு வாங்குவதில் ஒரு பங்கை அதே ஈர்ப்பே மாட்டின் வழியாகவும் மனிதரின் வழியாகவும் கொடுத்துவிடுகிறது, மீதியை மட்டும் மாட்டின் தசை கொடுத்தால் போதும். இது இலவசம் இல்லை. சால் கவிழ்ந்து காலியானதும் மாடுகள் பின்னோக்கி நடந்து சரிவில் ஏற வேண்டும், மனிதரும் ஏற வேண்டும், அப்போது அவர்கள்மேல் ஈர்ப்பு செய்வது சரியாக அதே அளவு மைனஸ். ஒரு சுற்று முடிந்ததும் மாட்டுக்கும் மனிதருக்கும் ஈர்ப்பின் கணக்கு பூஜ்ஜியம், வாய்க்காலில் ஓடும் தண்ணீருக்கு மட்டும் மைனஸ் நிற்கும். அப்புறம் லாபம் எங்கே? நேரத்தில். சுமை இல்லாதபோது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிச் சேர்த்ததை, சுமை கனக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு லிஃப்டின் மறுமுனையில் எதிர் எடை கட்டித் தொங்கவிடுவதும் இதே யோசனைதான். அப்பாரு பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தச் சரிவை எத்தனை இறக்கமாக வெட்ட வேண்டும், வடத்தில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஒரு சுற்று முடிந்தால் பூஜ்ஜியம் என்றேனே, அங்கேதான் இந்தக் குறிக்கு உயிர் இருக்கிறது. 150 கிராம் பந்து ஒன்றை வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறிந்தால் 10 மீட்டர் ஏறும். ஏறும்போது ஈர்ப்பு −14.7 ஜூல், இறங்கும்போது +14.7. பந்து முழுக்க வேகம் இழந்து நின்று, பிறகு அதே வேகத்தைத் திரும்பப் பெறுகிறது. ஈர்ப்பு கொடுக்கல் வாங்கலில் அவ்வளவு சுத்தம். காற்றின் தடை அப்படி இல்லை, ஏறும்போது அது கீழே இழுக்கும், இறங்கும்போது மேலே தள்ளும், இரண்டு தடவையும் அசைவுக்கு எதிராகவே நிற்பதால் இரண்டு தடவையும் மைனஸ், வாங்கியதைத் திருப்பித் தருவதே இல்லை. அதனால்தான் உண்மையில் பந்து கைக்குத் திரும்பும்போது எறிந்த வேகத்தைவிடக் கொஞ்சம் குறைந்தே வருகிறது. ஆற்றல் மாற்றா விசை என்று புத்தகத்தில் இருக்கும் பெயர், வாங்கியதை முழுசாகத் திருப்பித் தரும் ஈர்ப்பின் குணத்துக்குத்தான்.

இந்தக் குணத்தை நம்பியே ஆனைமலைப் பகுதியில் ஒரு மின்நிலையம் ஓடுகிறது. காடம்பாறை, 400 மெகாவாட். தேவை குறைந்த நேரத்தில் மின்சாரத்தைச் செலவழித்து மேல் ஆழியாறு அணையிலிருந்து காடம்பாறை அணைக்குத் தண்ணீரை ஏற்றுவார்கள், அப்போது ஈர்ப்பின் வேலை மைனஸ். தேவை கூடும் நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள், அப்போது பிளஸ். ஏற்றச் செலவான மின்சாரம் முழுசாகத் திரும்பி வராது, ஆனால் அந்த இழப்பில் ஈர்ப்புக்குப் பங்கே இல்லை, பம்பிலும் குழாயின் உராய்விலும் ஜெனரேட்டரிலும் போவதுதான் அத்தனையும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால் 9,80,000 ஜூல், அதாவது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு டன் தண்ணீர், நூறு மீட்டர் உயரம், கிடைப்பது இவ்வளவுதான் என்று முதன்முதலில் கணக்குப் போட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அணைகளை ஏன் அவ்வளவு பெரிதாகக் கட்டுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அவளுக்கு அணையில் அவ்வளவு ஆர்வமில்லை. சந்திரயான் 3 என்றால் கண் விரியும். 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் லேண்டர் இறங்கியதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அப்ப அதுக்கு என்ன குறி என்று அவளாகவே கேட்டாள். நிலவின் ஈர்ப்பு கீழே இழுக்கிறது, லேண்டர் கீழே வருகிறது, பிளஸ். எஞ்சினின் உந்துவிசை அசைவை எதிர்த்து நிற்கிறது, மைனஸ். எவ்வளவு என்று போட்டுப் பார்த்தோம். சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கம் தொடங்கியது. தரையில் வந்து நின்ற ஒவ்வொரு கிலோவுக்கும், தொடக்கத்தில் இருந்த இயக்க ஆற்றல் ஏறக்குறைய 14,11,000 ஜூல். நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62, ஆக 30 கிலோமீட்டர் இறங்குவதில் ஈர்ப்பு கூடுதலாகக் கொடுத்தது 48,600 ஜூல். இரண்டையும் சேர்த்து எஞ்சின் மைனஸ் வேலையாகத் தீர்க்க வேண்டும், அப்போதுதான் மெல்லத் தரை தொட முடியும். ஈர்ப்பு கொடுத்தது மொத்தத்தில் முப்பதில் ஒரு பங்குதான், பக்கவாட்டில் ஓடிய வேகம்தான் பெரிய சுமை. விழாமல் இறக்குவதுதான் கஷ்டம் என்று நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம், ஓட்டத்தை நிறுத்துவதுதான் பெரிய வேலையாக இருந்திருக்கிறது.

"நிலா பூமியைச் சுத்துதே, அதுக்கு?"

வட்டப்பாதையாக இருந்தால் ஈர்ப்பு எப்போதும் அசைவுக்குச் செங்குத்து, வேலை பூஜ்ஜியம் என்று தொடங்கினேன், அதைப் புத்தகத்திலேயே படித்துவிட்டதாகச் சொன்னாள். ஆனால் நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை. நெருங்கும்போது சுமார் 3,63,000 கிலோமீட்டர், விலகும்போது சுமார் 4,05,000 கிலோமீட்டர். நெருங்கி வரும் பாதியில் பூமியின் ஈர்ப்பு பிளஸ் வேலை செய்து அதன் வேகத்தை வினாடிக்கு 1.08 கிலோமீட்டர் வரை கூட்டுகிறது, விலகும் பாதியில் மைனஸ் வேலை செய்து 0.97 அளவுக்குக் குறைக்கிறது. 27 நாளுக்குக் கொஞ்சம் மேல் ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் வாங்குவதும் கொடுப்பதும்.

இன்றைக்கு அது வாங்குகிற பாதியா, கொடுக்கிற பாதியா? போனை எடுத்து நேற்றைய தூரத்தையும் இன்றைய தூரத்தையும் தேடினோம். இன்றைக்குக் கூடியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "மைனஸ், பூமியோட ஈர்ப்பால" என்றாள்.